மலேசியாவில் சிப்ஸ் பாக்டரி: எந்தத் தாளை முதலில் பார்ப்பது?

நேந்திரங்காய் சிப்ஸ், கைமுறுக்கு, மிக்சர் போட்டு மலேசியாவுக்கு அனுப்புகிறவர்களில் சிலருக்கு இப்போது ஒரு யோசனை வந்திருக்கிறது. கண்டெய்னர் வாடகை கட்டி, சரக்கு நமத்துப் போகுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குப் பதில், கிள்ளானிலோ ஷா ஆலமிலோ ஒரு கூடம் எடுத்து அங்கேயே போட்டால் என்ன என்று. கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், பொள்ளாச்சி என்று எங்கெங்கிருந்தோ பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு என்னைத் தேடி வருகிறார்கள். நான் கல்யாணமாகி கிள்ளானுக்குப் போனவள். அங்கே ஒரு கம்பெனி செக்ரட்டரி ஆபீசில் லைசென்ஸ் ஃபைல்களோடு பாதி ஆயுள் போய்விட்டது. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவதற்கு எழுதியே வைத்துவிடலாம்.

எல்லோரும் கேட்பது, "பாக்டரி லைசென்ஸ் எந்த ஆபீசுங்க?" என்றுதான். அப்படி ஒரே தாளாக ஒன்று அங்கே இல்லை. இங்கேயும்தான் இல்லை. பஞ்சாயத்து லைசென்ஸ் தனி, பொல்யூஷன் போர்டு தனி, பாக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் தனி. ஆனால் கேரளத்தில் நமக்கு ஒரு சலுகை பழகிவிட்டது. 2019 சிறுதொழில் சட்டப்படி, சிவப்புப் பட்டியலில் இல்லாத தொழிலாக இருந்தால் கே-ஸ்விஃப்ட் என்கிற மாநில அரசின் இணையதளத்தில் உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டு, 3 வருஷம் ஓட்டிக்கொண்டே மற்ற அனுமதிகளைத் தேடிக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடு மலேசியாவில் இறங்கினால் கை சுடும். அங்கே ஒரு தாள் இல்லாமல் அடுத்த தாள் நகராது.

முதலில் அந்த 75 கணக்கைத் தீர்த்துவிடலாம். என் அண்ணன் மகன் எங்கேயோ படித்துவிட்டு வந்து கேட்டான்: "அத்தை, எழுவத்தஞ்சு ஆளு இருந்தாத்தானே லைசென்சு? நம்மகிட்ட இருவது பேருதான். அப்பறம் என்னத்துக்கு இத்தனை பேப்பரு?" அவன் சொன்னது 1975-ஆம் ஆண்டின் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம். பங்குதாரர் நிதி 25 லட்சம் வெள்ளியோ (வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்) அதற்கு மேலோ இருந்தால், அல்லது முழுநேர ஊழியர் 75 பேரோ அதற்கு மேலோ இருந்தால், உற்பத்தி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். விண்ணப்பம் மீடா என்கிற முதலீட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குப் போகும். அதற்குக் கீழே இருந்தால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது. விலக்கு உண்டு என்று உறுதிக் கடிதமும் மீடாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிற்பாடு ஏதாவது ஒரு அலுவலகத்தில் கேட்பார்கள்.

ஆனால் அந்தக் கடிதம் ஒரே ஒரு வாசலில் இருந்துதான் உங்களை விடுவிக்கிறது. இந்தச் சட்டம் நாட்டில் தொழில்கள் எப்படி வளர வேண்டும் என்று ஒழுங்கு செய்ய வந்தது. எண்ணெய்ச் சட்டி, ஏர் டாங்க், கழிவுநீர், ஆட்கள் தங்கும் அறை எதுவும் இதன் பார்வையில் வராது. அவற்றுக்கெல்லாம் வேறு சட்டங்கள், வேறு ஆட்கள். இங்கே 1948 பாக்டரீஸ் சட்டத்தில் ஆள் எண்ணிக்கையை வைத்தே பாக்டரியா என்று தீர்மானித்த 10 ஆள், 20 ஆள் கணக்கு நம் மண்டையில் ஊறிப்போனதால், அங்கே 75 என்றதும் அதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பங்குதாரர் நிதி என்றால் நீங்கள் போட்ட மூலதனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சேர்த்துவைத்த லாபமும் அந்தக் கணக்கில் ஏறும். பத்து லட்சம் வெள்ளியில் தொடங்கிய கம்பெனி, லாபத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே விட்டுவைத்தால், ஒரு புது ஆள்கூடச் சேர்க்காமலே வரம்பைத் தாண்டிவிடும். வருஷாவருஷம் ஆடிட்டர் கையெழுத்துப் போடும்போது அந்த ஒரு வரியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வரம்பைத் தாண்டுகிறவர்கள் ஆள் ஒருவருக்கு 1,40,000 வெள்ளி முதலீடு, ஊழியரில் 80 சதவீதம் மலேசியர்கள் என்று நிபந்தனைகளைக் காட்ட வேண்டும். லைசென்ஸ் குறிப்பிட்ட பொருளுக்கும் குறிப்பிட்ட இடத்துக்கும்தான். சிப்ஸுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு வேறு ஊரில் அப்பளம் போட முடியாது.

கம்பெனி பதிவு சுலபம். எஸ்.எஸ்.எம். என்கிற கம்பெனி ஆணையத்தில், 2016 கம்பெனிச் சட்டப்படி, ஆன்லைனிலேயே முடிந்துவிடும். கட்டணம் 1,000 வெள்ளி. ஒரு டைரக்டராவது மலேசியாவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். பதிவான 30 நாளுக்குள் கம்பெனி செக்ரட்டரியை நியமிக்க வேண்டும். உற்பத்தித் துறையில் புதுத் திட்டங்களுக்கு 2003 முதல் நூறு சதவீதமும் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். ஆகவே, "பேருக்கு ஒரு உள்ளூர் பார்ட்னர் போட்டே ஆகணும், நானே நிக்கிறேன்" என்று எவராவது முன்வந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

இனி இடம். என்னைக் கேட்டால் முக்கால்வாசி லைசென்ஸ் இடத்தில்தான் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவர்களுக்கு யாராலும் பெரிதாக உதவ முடியாது. கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கெரான் நகல் கேளுங்கள். நம்மூர் பட்டா மாதிரி நில உரிமைப் பத்திரம். மலாயில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், மூன்று இடத்தில் விரலை வைத்தால் போதும். 'காத்தேகோரி பெங்குனாஅன் தானா' என்ற வரியில் நிலத்தின் வகை இருக்கும். 'பெர்த்தானியான்' என்றிருந்தால் விவசாயம், 'பங்குனான்' என்றால் கட்டடம், 'பெருசாஹாஅன்' என்றால் தொழில். உங்களுக்கு வேண்டியது கடைசி. அடுத்து 'ஷாரத் ஞாத்தா': அந்த நிலத்தில் எதை மட்டும் செய்யலாம் என்ற நிபந்தனை. தொழில் நிலம்தான் என்றாலும் இங்கே வேறு ஒரு தொழிலைக் கட்டிப்போட்டிருக்கலாம். மூன்றாவது 'செக்காத்தான் கெபெந்திஙான்'. மாநில அரசின் சம்மதமில்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று இருந்தால் இதில்தான் எழுதியிருக்கும். நகலை நம்பி உட்கார வேண்டாம். நில அலுவலகத்தில் காசு கட்டி அதிகாரபூர்வத் தேடல் போட்டால் இன்றைய நிலை வந்துவிடும்.

விவசாய நிலத்தில் கட்டிய கூடம் வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும். பந்திங் போகிற சாலையில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு மிக்சர்காரர் ஒருவர், "பக்கத்துல எல்லாம் பாக்டரிதானுங்கம்மா ஓடுது" என்று என்னிடமே சொன்னார். ஓடும்தான். கிள்ளான் இருக்கிற சிலாங்கூர் மாநிலத்தில் அனுமதி இல்லாமல் ஓடுகிற தொழிற்சாலைகளை முறைப்படுத்த மாநில அரசே திட்டம் வைத்திருந்தது. அந்த அளவுக்கு அவை உண்டு. நிலத்தின் வகையை மாற்ற விண்ணப்பிக்க முடியும், ஆனால் அது நில உடைமையாளர் செய்ய வேண்டியது. காலமும் செலவும் அவர் கையில். வாடகைக்கு வந்த நீங்கள் இடையில் நிற்பீர்கள். மலிவு வாடகையில் மிச்சம் பிடித்ததை இந்தக் காத்திருப்பு தின்றுவிடும்.

கெரான் சரியாக இருந்தால் அடுத்து சி.சி.சி., அதாவது கட்டட நிறைவுச் சான்று. 2007 ஏப்ரல் 12 முதல் இதைக் கொடுப்பவர் அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பேற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது எஞ்சினியர். 'போராங் எஃப்' என்று தலைப்பு இருக்கும். அதற்கு முன் கட்டியதென்றால் நகராண்மைக் கழகம் கொடுத்த பழைய சான்று இருக்கும். சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் பாக்டரிகளில் பின்பக்கச் சந்துவரை நீட்டித் தகரம் இறக்கி, அடுப்பு போட வசதியாக ஒரு கொட்டகை வைத்திருப்பார்கள். வரைபடத்தில் அது இருக்காது. முறுக்குக்காரருக்கு அதுதான் கண்ணில் படும்; காற்றோட்டமாக இருக்கிறதே என்று. 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதி வாங்காத கட்டுமானம் அது. சோதனைக்கு வருகிறவர் முதலில் பின்கதவைத்தான் திறந்து பார்ப்பார்.

இவ்வளவும் சரியென்றால் கம்பெனி பெயரில் வாடகை ஒப்பந்தம், அதற்கு முத்திரை வரி, பிறகு உள்ளூர் மன்றத்தில் வணிக லைசென்ஸ். கிள்ளானில் 2024 முதல் அது அரச மாநகர் மன்றம். எங்கள் காலத்து ஆட்கள் இன்னமும் எம்.பி.கே. என்றுதான் சொல்வோம். கட்டணம், படிவம், எத்தனை நகல் என்பதெல்லாம் மன்றத்துக்கு மன்றம் மாறும். ஷா ஆலம் நண்பர் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு கிள்ளானில் நிற்க வேண்டாம். பொதுவாக எஸ்.எஸ்.எம். பதிவு, ஒப்பந்தம், சி.சி.சி., உள்வரைபடம், போம்பா எனப்படும் தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதம் இவற்றைக் கேட்பார்கள். கூடத்தின் பரப்பு ஒரு அளவுக்கு மேல் போனால் 1988 தீயணைப்புச் சட்டப்படி தீயணைப்புச் சான்று தனியாக, வருஷத்துக்கு ஒரு முறை. பெயர்ப் பலகைக்கும் லைசென்ஸ் உண்டு. தமிழில் எழுதலாம், தடையில்லை. ஆனால் மலாய் வாசகம் முன்னால், பெரிதாக இருக்க வேண்டும். பல மன்றங்கள் அந்த வாசகத்துக்கு டேவான் பஹாசா என்கிற அரசு மொழி நிறுவனத்தின் ஒப்புதலையும் கேட்கும்.

இயந்திரங்களில் நம்மவர்கள் வழுக்குகிற இடம் ஏர் கம்ப்ரஸர். பாய்லர் வைத்தால் சான்று வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். "எங்ககிட்ட பாய்லரே இல்லீங்க, கேஸ் அடுப்புதான்" என்பார்கள். பேக்கிங் மெஷின் காற்றில்தானே ஓடுகிறது? அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிற உருளை டாங்க் அங்கே அழுத்தக்கலம். ஜே.கே.கே.பி. என்கிற பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்று இல்லாமல் ஓட்டக்கூடாது. பாய்லர், லிஃப்ட், ஹாய்ஸ்ட் எல்லாம் இதே வரிசை. கோயமுத்தூரில் நல்ல விலைக்குக் கிடைத்ததென்று ஒரு கம்ப்ரஸரைக் கண்டெய்னரில் ஏற்றிவிட்டால், அந்த டாங்கின் வடிவமைப்புக்கு அனுமதி, தயாரிப்புச் சான்றுகள் என்று பிற்பாடு அலைய நேரும். அங்கேயே செகண்ட் ஹாண்டில் வாங்குகிறீர்களா? டாங்கின் பக்கவாட்டில் பி.எம்.டி. (PMT) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள சான்றுத் தாளைக் கேளுங்கள். தாள் இல்லை, எண் மட்டும்தான் என்றால் விலை பேச வேண்டாம்.

பழைய குறிப்புகளில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் என்று படித்திருப்பீர்கள். 2024 ஜூன் 1 முதல் அது இல்லை. 1994-ஆம் ஆண்டின் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். ஐந்து ஊழியர் இருந்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்துப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். 40 பேர் ஆனால் பாதுகாப்புக் குழு. அபராதம் 5 லட்சம் வெள்ளிவரை போகலாம். நம் 75 கணக்கு மருமகனுக்கு இந்த ஐந்து கணக்கைச் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது.

சாப்பாட்டுச் சாமான் என்பதால் சுகாதார அமைச்சு தனி. 2009 உணவு சுகாதார விதிகளின்படி இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாவு பிசைகிறவர் முதல் பாக்கெட் கட்டுகிறவர் வரை உணவு கையாளும் பயிற்சி, டைஃபாய்டு ஊசி. லேபிளில் ஒரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை: இங்கிருந்து ஏற்றுமதியாகிற பாக்கெட்டில் இங்கிலீஷ் இருந்தால் போதும். அங்கேயே தயாரித்தால் மலாய் கட்டாயம். கஞ்சிக்கோட்டில் அச்சடித்த பழைய கவரை மிச்சமிருக்கிறதே என்று எடுத்துப் போகாதீர்கள்.

ஹலால் சான்று சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பெரிய கடைகளின் அலமாரியை மறந்துவிட வேண்டியதுதான். கொடுக்க அதிகாரம் உள்ளவை ஜக்கிம் என்கிற மத்திய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையும் மாநில இஸ்லாமிய சமயத் துறைகளும். நீங்களே "நாங்க வெஜிடேரியன்தானே" என்று ஹலால் முத்திரை அடித்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: உற்பத்தி நடக்கிற இடத்தில் வழிபாட்டுப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. அடுப்புக்கு மேலே பிள்ளையார் படம், வெள்ளிக்கிழமை சூடம் இதெல்லாம் வீட்டோடு. அண்ணியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு மனசே ஒப்பவில்லை. கோயில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம் என்று சமாதானப்படுத்தினேன்.

கழிவுநீரைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் மாசு கலந்து, நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. வாளியோடு வரிசையில் நின்ற ஜனங்கள் அதை மறக்கவில்லை, அதிகாரிகளும் மறக்கவில்லை. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2009-இல் வந்த கழிவுநீர் விதிகளில் இரண்டு தரம். குடிநீர் எடுக்கிற இடத்துக்கு மேல்புறம் நீங்கள் இருந்தால் 'ஏ', மற்ற இடங்களில் 'பி'. எண்ணெய், கொழுப்பு வரம்பு 'ஏ'யில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், 'பி'யில் 10. பொரிக்கிற தொழிலுக்கு இந்த வித்தியாசம் லேசானதில்லை. ஆகவே இடம் பார்க்கும்போதே, கீழே எங்காவது நீரேற்று நிலையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கழிவுநீரில் இருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கிற எண்ணெய்ப் பொறியின் தொட்டியை அளவாகக் கட்டி, யார் எப்போது வழித்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். ஜெனரேட்டரில் இருந்து வடிக்கிற கறுப்பு ஆயில், அபாயகரமானது என்று அரசு பட்டியலிட்ட கழிவு. அதை 180 நாளுக்கு மேல் கூடத்தில் வைக்கக்கூடாது, உரிமம் உள்ளவர்தான் எடுத்துப் போகவேண்டும்.

ஆட்கள் விஷயத்தில் பிடிவாதமாகவே சொல்கிறேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் போய்வர முடிகிறது. அதனால், "நம்ம மாஸ்டரை டூரிஸ்ட்டா கூட்டிட்டுப் போயி பக்குவம் காட்டச் சொன்னா என்னங்க?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. கூடாதுங்க. அனுமதியில்லாமல் வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஆள் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. மாஸ்டரின் கதி அதைவிட மோசம். வெளிநாட்டு ஆட்களை எடுக்க முன்கூட்டியே தொழிலாளர் துறை ஒப்புதல் வேண்டும். அவர்கள் தங்கும் இடத்துக்குத் தனிச் சான்றும் வேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரம்தான், நம்மூர்ப் பழக்கத்து 48 இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. சேமநிதி, சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா இரண்டும் முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டும்.

வரி ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். வரி விதிக்கக்கூடிய விற்பனை 12 மாதத்தில் 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் விற்பனை வரிப் பதிவு என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

ஏஜண்டுகள் பற்றி. நல்லவர்கள் உண்டு, அங்கே அவர்கள் இல்லாமல் வேலையும் நகராது. ஆனால் "எல்லா லைசென்சும் சேர்த்து இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசுகிறவரிடம், எந்த ஆபீசில் என்ன கட்டணம், தன் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அரசுக் கட்டண ரசீது உங்கள் கம்பெனி பெயரில் வர வேண்டும். ஆன்லைன் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும். ஏஜண்டு மாறினால் பழைய விண்ணப்பங்கள் அவரோடு போய்விடக்கூடாது. இங்கே யாருக்கும் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். மீடாவுக்கு மும்பையிலேயே அலுவலகம் இருக்கிறது. விசாரிப்பதற்குச் செலவில்லை. முதல் கடிதத்திலேயே என்ன பொருள், வருஷத்துக்கு எத்தனை டன், எத்தனை ஆள், எவ்வளவு முதலீடு, எந்த ஊர் என்று எழுதிவிடுங்கள். விட்டால் அதைத்தான் திருப்பிக் கேட்பார்கள், அதற்கு ஒரு வாரம் போகும்.